செங்கல்லைப் பார்த்துக்கிட்டே ஒரு நாள்: சாளுவன்குப்பத்துலேருந்து அரிக்கமேடு வரை

சென்னையிலேருந்து ஈசிஆர் வழியா பாண்டிச்சேரிக்கு ஒரு நாள் வாடகை கார் எடுத்துட்டுப் போறவங்க எத்தனையோ பேர். பெரும்பாலும் நடக்கிறது இதுதான்: மாமல்லபுரத்துல இறங்கிப் படம் எடுத்துக்குவாங்க, ஏறி உட்காருவாங்க, அடுத்து கால் தரையில படறது பாண்டி கடற்கரையிலதான். நடுவுல இருக்கிற தொண்ணூத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஏசி கார் கண்ணாடிக்கு வெளியிலேயே ஓடிப் போயிடும்.

அந்த நடுவுலதான் ரெண்டாயிரம் வருஷக் கடல் வணிகத்தோட தடம் இருக்கு. கார் நம்ம கையில இருக்கிறதால எங்க வேணும்னாலும் நிறுத்தலாம், எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம். அந்தச் சுதந்திரத்தை எப்படிப் பயன்படுத்தறதுன்னுதான் இந்தக் காணொளி. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இன்னிக்கு ஒரு நாள், கருங்கல்லை விட்டுட்டு செங்கல்லைப் பாருங்க.

ஏன் செங்கல்? பிற்காலத்துல சாமிக்குக் கல்லுல கோயில் எழுப்பினாங்க. ஆனா கிடங்கு, தொட்டி, கிணறு, வீடு, கோட்டை எல்லாம் இந்த மணல் கரையில செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஒரு துறைமுகம் படுத்துட்டா, பக்கத்து ஊர்க்காரங்க அந்தச் செங்கல்லைப் பேர்த்து எடுத்துட்டுப் போய் வேற வீடு கட்டிக்குவாங்க. அதனால கோயில் நிக்குது, ஊர் காணாமப் போயிடுது. ஊரைத் தேடணும்னா செங்கல்லைத்தான் தேடணும்.

காலையில ஆறு மணிக்குக் கிளம்புங்க. மாமல்லபுரத்துக்கு அஞ்சு கிலோமீட்டர் முன்னாடியே சாளுவன்குப்பம். புலிக்குகைன்னு சொன்னா டிரைவர் அண்ணனுக்குத் தெரியும். புலிக்குகையைப் பார்த்துட்டு எல்லாரும் திரும்பிடுவாங்க. நீங்க இன்னும் கொஞ்சம் தள்ளி நடங்க. 2004 டிசம்பர்ல சுனாமி வந்து மணலை அரிச்சப்போ, அங்க பாறையில இருந்த கல்வெட்டு வெளியில தெரிஞ்சது. அது ஒரு முருகன் கோயிலைப் பத்திப் பேசுது. கோயில் எங்கேன்னு தேடி, 2005ல இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது. மேல பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம். அதுக்கும் கீழ, அதைவிடப் பழைய செங்கல் கோயில். வடக்குப் பார்த்த சன்னிதி, முன்னாடி கல்லுல ஒரு வேல். கீழே இருக்கிறது சங்க காலத்துதுன்னு தோண்டினவங்க கணிச்சாங்க. அந்தக் கணிப்புக்கு ஒரு முக்கியமான காரணம் செங்கல்லோட அளவு.

கம்பி வேலிக்கு வெளியில நின்னே அதைப் பார்க்கலாம். இன்னிக்குச் சூளையில வர்ற செங்கல் மாதிரி கட்டையா இருக்காது. கிட்டத்தட்ட ஒரு சாண் அகலம், அதைவிட நல்ல நீளம், ஆனா தடிமன் மட்டும் ரொம்பக் கம்மி. பூம்புகார்லயும் உறையூர்லயும் அரிக்கமேட்டுலயும் தோண்டினப்போ வந்தது இதே வகைதான். இந்த உருவத்தை மனசுல பதிய வெச்சுக்கங்க, சாயங்காலம் தேவைப்படும்.

மாமல்லபுரத்துல நான் அதிகம் நிக்கப் போறதில்ல. கடற்கரைக் கோயிலை, எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ராஜசிம்மன் எழுப்பினதை, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க. நல்ல காணொளிகள் நிறைய இருக்கு. டிபனை முடிச்சுட்டு தெற்க வாங்க.

அடுத்தது சதுரங்கப்பட்டினம், கல்பாக்கத்தை ஒட்டியே இருக்கு. வெள்ளைக்காரங்க வாயில சத்ராஸ். இங்க டச்சுக்காரங்க வந்தது துணிக்காக. இந்தப் பக்கத்து நெசவாளர்கள் நெய்த மெல்லிய பருத்தித் துணியை வாங்கிக் கிடங்குல வெச்சு, கப்பல் வந்ததும் ஏத்தி அனுப்புவாங்க. கோட்டைன்னு சொல்றோமே தவிர, உள்ள போய்ப் பார்த்தா பாதி இடம் கிடங்குதான். இங்க செங்கல் சின்னது, மெலிசு. காலையில பார்த்ததுக்கும் இதுக்கும் இடையில ஆயிரம் வருஷத்துக்கும் மேல இருக்குன்னு கண்ணே சொல்லிடும். சுவருக்குள்ளேயே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கு. பூட்டியிருந்தா காவலர்கிட்ட மரியாதையாக் கேளுங்க. பெரிய பெரிய கல் பலகை, அதுல எழுத்தைக் குழிவா வெட்டாம மேல எழும்பி நிக்கிற மாதிரி செதுக்கியிருக்காங்க, சுத்தி பூவேலை. சாய்வா வெயில் விழும்போது ஒவ்வொரு எழுத்தும் நிழலோட தெரியும். உச்சி வெயில்ல போனா ஒண்ணும் படிக்க முடியாது. அதனாலதான் இதைக் காலையிலேயே வெச்சேன்.

இந்த ஊருக்கு எதிர்க்கடல்ல 1782 பிப்ரவரி 17ஆம் தேதி ஆங்கிலேயக் கப்பல் படையும் பிரெஞ்சுக் கப்பல் படையும் மோதிக்கிட்டாங்க. ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் ஒரு பக்கம், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் இன்னொரு பக்கம். இவங்க ரெண்டு பேரும் மோதின அஞ்சு சண்டைகள்ல இதுதான் முதல்.

அடுத்து ஆலம்பரை. கடப்பாக்கத்துல ஈசிஆரை விட்டுக் கடல் பக்கம் திரும்பணும். எனக்கு இந்த வழியிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. செங்கல், கிளிஞ்சல் சுண்ணாம்பு, இடிஞ்ச மதில், அதுக்கு அந்தப் பக்கம் கழிமுகம். நவாபுகள் கையில இருந்த கோட்டை. 1750ல தக்காண சுபேதார் முசாபர் ஜங், தனக்கு உதவினதுக்காக இதைப் பாண்டிச்சேரியோட பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தார். 1760ல ஆங்கிலேயர் பிடிச்சு இடிச்சுப் போட்டாங்க. இங்க நாணயச் சாலையே இருந்தது.

கழிமுகத்தைப் பார்த்துக்கிட்டே ஒரு விஷயம் யோசிங்க. சோழமண்டலக் கரை முழுக்க, பெரிய கப்பல் நேரா வந்து ஒதுங்க இயற்கையான இடம் கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போடும். சரக்கு, ஆள் எல்லாம் படகுலதான் கரைக்கு வரணும், அதுவும் அலையைத் தாண்டி. அதுக்குன்னே மசூலா படகு இருந்தது. பலகையை ஆணி அடிச்சுச் சேர்க்காம, கயிறு போட்டுத் தைப்பாங்க. அலை தூக்கி மணல்ல அடிச்சாலும் பலகை உடையாது, வளைஞ்சு கொடுக்கும். இன்னொரு வழி, படகு உள்ள நுழைஞ்சு நிக்கிற மாதிரி ஒரு ஆத்து முகத்துவாரம். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்க பாலாறு, ஆலம்பரைக்கு இந்தக் கழி, அரிக்கமேட்டுக்கு அரியாங்குப்பம் ஆறு. ஊர் எங்க அமையணும்னு தீர்மானிச்சது தண்ணிதான்.

ஆலம்பரையில நிழல் கிடையாது, கடையும் கிடையாது. தண்ணி எடுத்துட்டுப் போங்க. மதில் மேல பசங்க ஏறி நின்னு படம் எடுக்கிறதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறும். சுண்ணாம்பு விட்டுப்போன செங்கல் அது, காலோட சேர்ந்து வந்துடும்.

வழியில மரக்காணம் உப்பளம். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் மரக்காணம்தான்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. சாப்பாட்டை இந்தப் பக்கமே முடிச்சுக்கங்க. சென்னை வண்டியா இருந்தா பாண்டிக்குள்ள நுழைய பர்மிட் செலவு வரும். யார் கட்டறதுன்னு காலையிலேயே பேசிடணும்.

பாண்டியில முதல்ல பாரதி பூங்கா பக்கத்துல இருக்கிற அருங்காட்சியகம். திங்கட்கிழமை லீவு, அதனால உங்க நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. அரிக்கமேட்டுல கிடைச்ச பொருளை இங்க பார்த்துட்டுத்தான் இடத்துக்குப் போகணும், ஏன்னா இடத்துல கண்ணுக்குத் தெரியறது ரொம்பக் கம்மி. ஆம்போரா ஜாடித் துண்டு இருக்கு, மத்தியதரைக் கடல் பக்கத்துலேருந்து ஒயினும் எண்ணெயும் வந்த ஜாடி. கண்ணாடி மணிகளைக் கிட்டப் போய்ப் பாருங்க, கடுகளவு மணியும் இருக்கும். உருகின கண்ணாடியை நீளமான குழாயா இழுத்து, துண்டு துண்டா நறுக்கி, முனையை மழுக்கிச் செய்தது. இந்த வகை மணி தென்கிழக்காசியா வரைக்கும் போயிருக்கு.

அப்புறம் அரியாங்குப்பம் ஆத்தங்கரையில இருக்கிற பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்கு. 1945ல மார்ட்டிமர் வீலர் இங்க தோண்டி, ரோமாபுரி வணிகத்தோட ஆதாரத்தை உலகத்துக்குக் காட்டினார். அதுலேருந்து இது ஏதோ ரோமானியர் வந்து உண்டாக்கின ஊர்ங்கிற பேச்சு பரவிடுச்சு. 1989லேருந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி மறுபடி தோண்டினாங்க. ரோமானியச் சரக்கு வர்றதுக்கு முன்னாடியே இங்க மக்கள் இருந்தாங்க, அந்த வணிகம் ஓய்ஞ்ச பிறகும் இருந்தாங்கன்னு காட்டினாங்க. இது நம்ம ஆட்கள் நடத்தின ஊர், ரோமானியர் வாங்க வந்தவங்க. அழுத்தமாவே சொல்றேன், ஏன்னா இன்னிக்கும் பல வழிகாட்டிகள் தலைகீழாத்தான் சொல்றாங்க.

இப்ப நிக்கிற ரெண்டு சுவர் ரோமானியக் காலத்தது இல்ல. 18ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டின வீட்டோட மிச்சம். கிட்டப் போய்ச் செங்கல்லைப் பாருங்க. காலையில பதிய வெச்சீங்களே, அந்த அகலமான மெலிசான செங்கல், அங்கங்க தென்படுதான்னு தேடுங்க. பழைய ஊரைப் பேர்த்துத்தான் இந்த வீட்டைக் கட்டினாங்கன்னு சொல்றாங்க. அதே காலத்துல லெ ஜாந்தீன்னு ஒரு பிரெஞ்சு வானியலாளர் பாண்டியில இருந்தார். வெள்ளி கிரகம் சூரியனைக் கடக்கிறதைப் பார்க்க வந்து, 1769ல அந்த நேரத்துல மேகம் மறைச்சதால பார்க்க முடியாமப் போனவர். ஆத்தங்கரையில ஊர்க்காரங்க பெரிய பழைய செங்கல்லைத் தோண்டி எடுக்கிறதைக் குறிச்சு வெச்சது அவர்தான்.

மழை பெய்து ஓய்ஞ்ச நாள்ல போனா ஓட்டுச் சில்லு, சில சமயம் ஒரு மணி கூட மண்ணு மேல கிடக்கும். படம் எடுங்க, பொருளை எடுக்காதீங்க. வீலர் சொன்னதை பெக்லியால திருத்த முடிஞ்சதே, எந்தப் பொருள் எந்த மண்ணடுக்குல கிடைச்சதுன்னு பார்த்துதான். தோண்டாத இடம் அங்க இன்னும் நிறைய இருக்கு.