பழவேற்காட்டுப் பாடு கற்பிக்கும் பாடம்

பழவேற்காடு ஏரியைக் கண்டிருக்கிறீர்களா? ஆற்று நீரும் வங்கக் கடலின் உப்புநீரும் கலக்கும் அவ்வேரியில் எல்லா இடங்களிலும் இறாலும் மீனும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் மிகுதி. பிற இடங்களில் குறைவு. நல்ல இடம் யாருக்கு? பெரும் பூசலாக முற்றக்கூடிய வினா இது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மீனவர்கள் இதற்குக் கண்ட தீர்வே ‘பாடு’ முறை. சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, இடம் மாற்றி மாற்றி வலையிடும் ஏற்பாடு அது.

இதில் மனித அறிவு செயற்பட்ட விதத்தைக் கவனியுங்கள். மீனைப் பெருக்க இயலாது. இடங்களைச் சமமாக்கவும் இயலாது. ஆகவே ‘நல்ல இடத்தைப் பெறுவது எப்படி?’ என்ற வினாவை, ‘வாய்ப்பைச் சமமாக்குவது எப்படி?’ என்று மாற்றிக்கொண்டனர். வழியும் புலப்பட்டது. சிக்கலைத் தீர்ப்பவர் அதனைப் படிப்படியாகத் திருத்தி அமைத்தே விடையை நெருங்குகிறார் என்று ஜெர்மானிய உளவியலார் கார்ல் டங்கர் 1935ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார்.

மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்ற பிணக்கில், எழுதுகோல்களை எறிந்து முடிவு கண்டதைத் திருக்குர்ஆன் (3:44) நினைவூட்டுகிறது.

மதிப்பெண் குறைந்த பிள்ளையை ‘மந்தம்’ என முத்திரையிடும் பெற்றோரே! பிள்ளைகள் ஒரு பொருளுக்காகச் சண்டையிட்டால் உடனே தீர்ப்புக் கூறாதீர்கள். ‘உண்மையான சிக்கல் எது?’ என்று வினவிப் பொறுத்திருங்கள். இன்ஷா அல்லாஹ், நீதியான வழியைத் தாமே காண்பார்கள். அவ்வறிவு மதிப்பெண் பட்டியலில் தெரியாமற் போகலாம்; வாழ்க்கையில் தெரியும்.