சாவி யார் கையில்?

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். ஊர்ப் பெயரிலேயே முதுமை இருக்கிறது. அங்கே கோயில் கொண்டிருக்கும் தேவிக்கும் விருத்தாம்பிகை என்றே பெயர். சிதம்பரம் போகும் வழியில் அங்கே தங்கிய குரு நமசிவாயர், பசி தாங்காமல் அம்பிகையைக் கிழவி என்று விளித்துப் பாடி அன்னம் கேட்டாராம். அவளும் கிழவியாகவே வந்து, கிழவி எப்படியப்பா சோறு சுமந்து வருவாள் என்று கேட்டாளாம். அவர் உடனே இளம் பெண்ணாக வர்ணித்துப் பாட, இளம் பெண்ணாகி வந்து அன்னம் படைத்தாளாம். பாலாம்பிகை அங்கே தனியாகச் சந்நிதி கொண்ட கதை இது.

அம்பிகைக்கு ஒரு பாட்டில் இளமை திரும்பிவிட்டது. விருத்தாசலத்துக்குக் கிழக்கே, கம்மாபுரத்தில் தனியாக இருக்கும் நம் வீட்டுப் பெரியம்மாவுக்கு அப்படித் திரும்புமா? முழங்கால் வலிக்கிறது. ராத்திரியில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. மாத்திரை காலையில் போட்டுக் கொண்டோமா இல்லையா என்று மத்தியானம் சந்தேகம் வருகிறது. பிள்ளை பெங்களூரில், பெண் சென்னையில். இருவரும் டெலிபோனில் தினமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அம்மா, இன்னும் எத்தனை நாள் இப்படித் தனியா இருக்கப் போற?"

இந்தப் பக்கத்துப் பெரியவர்களின் கதை கொஞ்சம் விசேஷமானது. 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. 1957-ஆம் வருஷம் மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகு சுரங்கத்துக்காக எத்தனையோ கிராமங்கள் இடம் பெயர்ந்தன. புளியமரத்தையும் குலதெய்வத்தையும் விட்டுவிட்டுப் புதிய மனைக்குப் போனவர்கள் பலர். சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் வேலை கிடைத்தவர்களுக்கு நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இத்தனையாம் வட்டம், இத்தனையாம் நம்பர் என்றால் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு வருவார். ஆனால் ரிடையரானதும் அந்த வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான். வாசலில் வைத்த முருங்கையையும் மாமரத்தையும் அடுத்து வருகிறவருக்கு விட்டுவிட்டு, வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ விருத்தாசலத்திலோ, சொந்தக் கிராமத்திலோ வீடு கட்டிக்கொண்டு போனார்கள்.

ஆக, மூட்டை கட்டுவது இவர்களுக்குப் புதிதல்ல. போகிறாயா என்று யாரும் கேட்டதில்லை, அதுதான் விஷயம். முதல் தடவை சுரங்கம் சொல்லிற்று. இரண்டாம் தடவை உத்தியோக விதி சொல்லிற்று. மூன்றாம் தடவையும் பிள்ளைகள் சொல்லி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

'முதியோர் இல்லம்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே நம் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். பெற்றவளைத் தள்ளிவிட்டான் என்று தெருவே பேசும். தெரு பேசட்டும், ராத்திரி வழுக்கி விழுந்தால் தூக்கிவிடத் தெரு வருமா? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். இந்தியா முழுவதற்கும் எடுத்துக்கொண்டால் எட்டுச் சில்லறைதான். நாம்தான் முந்திக்கொண்டிருக்கிறோம்!

இல்லங்களிலும் ரகம் உண்டு. ஆதரவற்றவர்களுக்கென்று இலவசமாக நடப்பவை ஒரு ரகம். சென்னையில் ஸ்ரீமதி சாவித்திரி வைத்தி 1978-இல் தொடங்கிய 'விஸ்ராந்தி', ஆதரவற்ற முதிய பெண்களுக்கு நிழல் தந்தது. 2004-ஆம் வருஷத்து சுனாமிக்குப் பிறகு 'ஹெல்ப்ஏஜ் இந்தியா' நம் கடலூருக்கு அருகிலேயே தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. பணம் கட்டி, அறை எடுத்துக்கொண்டு இருக்கும் இல்லங்கள் இன்னொரு ரகம். கோயமுத்தூர்ப் பக்கம் பென்ஷன்காரர்களுக்கென்றே வீடுகள் கட்டி விற்கிறார்கள், அது மூன்றாவது.

நான் சொல்ல வருவது இவற்றுக்கு நடுவில் உள்ள ஏற்பாட்டை. ஆஸ்பத்திரியும் அல்ல, வெறும் விடுதியும் அல்ல. அறை அம்மாவுடையது. குளிக்க ஒரு கை வேண்டுமானால் ஆயா வருவாள், மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுப்பாள், சமைக்க வேண்டாம். மற்றதெல்லாம் அவள் இஷ்டம். அமெரிக்காவில் இதற்கு வழி காட்டியவர் கெரன் பிரவுன் வில்சன் என்ற பெண்மணி. அவருடைய தாயாருக்கு ஐம்பத்தைந்தாவது வயதில் பக்கவாதம் வந்து, அதன் பிறகு நர்ஸிங் ஹோமிலேயே காலம் கழிந்தது. என்னைப் போன்றவர்களுக்கு நீ ஏன் ஏதாவது செய்யக் கூடாது என்று தாயார் மகளைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். தன் அறை, தன் சாமான், தன் இஷ்டத்துக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு: இவ்வளவுதான் அந்த அம்மாள் விரும்பியது. 1983-இல் போர்ட்லண்டு நகரத்தில் மகள் திறந்த இல்லத்தில், ஒவ்வொருவர் கதவுக்கும் உள்ளிருந்து பூட்டு இருந்தது. சாவி அவரவர் கையில். தள்ளாதவர்கள் கையில் பூட்டைக் கொடுக்கலாமா, அபாயமல்லவா என்று பலர் பயந்தார்கள். கொடுத்தார்; அதுதான் பெயர் வாங்கிற்று.

ஆகவே, இல்லம் பார்க்கப் போகும்போது அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். பிள்ளையும் மருமகளும் பார்த்துவிட்டு வந்து, "நல்லா இருக்கும்மா, தோட்டமெல்லாம் இருக்கு" என்று சொல்வது பெண் பார்த்துவிட்டு வந்து சொல்கிற மாதிரி. குடித்தனம் நடத்தப் போகிறவள் பார்க்க வேண்டாமா? அதுவும் அவளுக்கு நடமாட்டம் இருக்கிறபோதே பார்க்க வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று டாக்டர் சொன்ன பிறகு தேடினால், கிடைத்த இடம்தான் பிடித்த இடம்.

போகிறவர்கள் முன் வாசலையும் பூச்செடியையும் பார்த்து மயங்க வேண்டாம். நேரே சமையல்கட்டுக்குப் போங்கள். ஒரு வேளை அங்கேயே சாப்பிட்டுப் பாருங்கள். குழம்பு இறங்குகிறதா, பல் இல்லாதவர்களுக்குக் குழைய வடிக்கிறார்களா, சர்க்கரைக்காரருக்குத் தனியாக ஏதாவது உண்டா? குளியலறைத் தரை சொரசொரப்பாக இருக்கிறதா, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆயா? இதை மானேஜரிடம் கேட்பதைவிட அங்கே இருக்கும் ஒரு பாட்டியிடம் கேட்பது உத்தமம். காலைக் காப்பி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து பழகிய அம்மாளுக்கு ஏழு மணி வரை காத்திருப்பது சாமானியமல்ல. நினைத்தபோது வெளியே போய் வரலாமா, பேரன் வந்தால் கூடத் தங்கலாமா என்பதும் முக்கியம். நெய்வேலி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தே பழகிய குடும்பமானால், தூரமான ஊரில் வைத்தியச் செலவு எப்படி என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்ளவும்.

பண விஷயத்தில் வெட்கம் கூடாது. டெபாசிட் எவ்வளவு, திருப்பித் தருவது எப்போது, எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், வருஷா வருஷம் கட்டணம் எப்படி ஏறும், படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, அழைத்துப் போங்கள் என்பார்களா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்விக்கு வழவழவென்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

இன்னொன்று, பெரியவர்களுக்கே சொல்ல வேண்டியது. இல்லத்துக்குப் போகும் அவசரத்தில் வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதி வைத்துவிடாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், என்னைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்து எழுதுங்கள். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்துச் செய்ய இடம் தருகிறது. பிள்ளைகள் கைவிட்டால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சத்துக்கும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்; வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று திகைக்கிறவர்கள் 14567 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம்.

சரி, இடம் பிடித்துப் போயிற்று. அம்மா சம்மதித்துவிட்டாள். அப்புறம்? முதல் மாதம் கஷ்டம்தான். சாப்பாட்டில் உப்பில்லை என்பாள். பக்கத்து அறை அம்மாள் குறட்டை என்பாள். உப்பும் குறட்டையும் நிஜமாக இருக்கலாம். ஆனால் பாதிக்கு மேல் ஏக்கம். உடனே ஓடிப்போய் அழைத்து வரவும் வேண்டாம், சமாளித்துக்கொள் என்று வாயை அடைக்கவும் வேண்டாம். காது கொடுங்கள். சொன்ன நாளைக்குத் தவறாமல் போய்ப் பாருங்கள். முதல் ஞாயிறு என்றால் முதல் ஞாயிறுதான். அவள் வியாழக்கிழமையே புடவை எடுத்து வைத்திருப்பாள்.

புதுப் பாத்திரமும் புதுப் போர்வையும் வாங்கி அனுப்பாதீர்கள். அவளுடைய பழைய தலையணை, பித்தளைச் செம்பு, சுவாமி படம், வெற்றிலைப் பெட்டி, இவை போகட்டும். ஊரிலிருந்து ஒரு துளசித் தொட்டியும் போகட்டும். தொட்டி என்றதும் சிரிக்காதீர்கள். 1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க இல்லம் ஒன்றில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள், பிடித்த செடியைத் தேர்ந்தெடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில் செடி கொடுத்தார்கள்; தண்ணீர் நர்ஸ் ஊற்றினாள். சில வாரங்களுக்குப் பிறகு பார்த்தால், தானே தண்ணீர் ஊற்றியவர்களிடம்தான் கலகலப்பும் சுறுசுறுப்பும் அதிகமாக இருந்தன. நம் வீட்டு மருமகள்களில் சிலர் மாமியாரை உட்கார வைத்து எல்லாம் செய்துவிடுவதைப் பெருமையாக நினைக்கிறார்கள். கீரை ஆய்கிற வேலையாவது அவளுக்கு இருக்கட்டும். இல்லத்திலும் அப்படியே.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டிலேயே ஒரு நம்பிக்கையான ஆளை வைத்துக்கொண்டு, எதிர் வீட்டுக்காரி துணையோடு கம்மாபுரத்திலேயே இருந்துவிட முடிந்தால் அதுவும் நல்லதுதான். இல்லத்துக்குப் போனாலும் முதலில் இரண்டு மாதம் தங்கிப் பார்க்கட்டும். "இருந்து பாரும்மா, புடிக்கலன்னா வந்துடலாம்" என்று சொன்னால், அது நிஜமாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு வருஷமாவது கம்மாபுரம் வீட்டை விற்காமல், வாடகைக்கு விடாமல் வையுங்கள். வாடகை போகிறதே என்று கணக்குப் பார்க்க வேண்டாம். மாதம் ஒரு தரம் யாரையாவது விட்டுத் திறந்து பெருக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கு அவளே வந்து அடுப்பு மூட்டட்டும். வீட்டுச் சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அது அவளுடைய சுருக்குப் பையிலேயே இருக்கட்டும்.