எச்பிஏ1சி சோதனையும் மரபுவழிச் சோகையும்

எச்பிஏ1சி (சர்க்கரையேறிய ஈமோகுளோபின்) என்பது, குருதியிலுள்ள ஈமோகுளோபினில் எத்தனை விழுக்காடு குளுக்கோசுடன் பிணைந்துள்ளது என்பதைக் காட்டும் அளவாகும். இது கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் கணிக்க உதவுகிறது. உலக சுகாதார அமைப்பு 2011இல் 6.5 விழுக்காட்டை நீரிழிவு நோயைக் கண்டறியும் எல்லையாக ஏற்றது. எனினும் மரபுவழிச் சோகை உடையோரில் இச்சோதனை தவறான முடிவைத் தரக்கூடும்.

பிழைக்கான காரணம்

செங்குருதியணு ஒன்று ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. அக்காலம் முழுவதும் அதிலுள்ள ஈமோகுளோபினில் குளுக்கோசு சிறிது சிறிதாகச் சேர்கிறது. அரிவாள்செல் சோகையில் அணுக்கள் விரைவில் அழிவதால் குளுக்கோசு சேரப் போதிய காலம் இருப்பதில்லை. எனவே இரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தாலும் எச்பிஏ1சி குறைவாகக் காட்டக்கூடும். மேலும், பெற்றோர் இருவரிடமிருந்தும் அரிவாள்செல் மரபணுவைப் பெற்றவரிடம் இயல்பான ஈமோகுளோபின் ஏ உருவாவதில்லை. ஆகையால் அவருக்கு இச்சோதனை பொருந்தாது. அண்மையில் குருதி ஏற்றப்பட்டிருந்தால், கொடையாளரின் அணுக்களும் முடிவை மாற்றும். இதற்கு மாறாக, மரபுவழி அல்லாத இரும்புச்சத்துக் குறைபாட்டுச் சோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்றவர் பொதுவாக நோயற்றவராகவே வாழ்கிறார். அவருக்கு, ஈமோகுளோபின் வேறுபாட்டால் பாதிக்கப்படாத அளவீட்டு முறையைப் பயன்படுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில்

நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள்செல் மரபணு இருப்பதை எர்மன் லேமன், மேரி கட்புசு ஆகியோர் 1952இல் வெளியிட்டனர். இந்தியாவில் இதுபற்றி வெளிவந்த முதல் அறிக்கைகளுள் இதுவும் ஒன்று. இருளர், பணியர் முதலியோரிடையே இம்மரபணு காணப்படுகிறது. அரிவாள்செல் சோகையை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் 2023 சூலை 1 அன்று தொடங்கப்பட்டது.

முடிவுகளை ஒப்பிடுதல்

எச்பிஏ1சி 5.5 விழுக்காடு எனில், சராசரி இரத்தச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 111 மில்லிகிராம் எனக் கணிக்கப்படும். அதே நபருக்கு வெறும் வயிற்றில் மீண்டும் மீண்டும் 140 மில்லிகிராம் இருந்தால், இரு முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பது நீரிழிவைக் குறிக்கும். இத்தகைய நிலையில் எச்பிஏ1சியை மட்டும் நம்பி நோய் இல்லை எனக் கொள்ளலாகாது.

பின்வரும் சோதனைகள் இங்குப் பயன்படும்:

• வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோசு அருந்திய இரண்டு மணி நேரத்திற்குப் பின்னும் எடுக்கப்படும் இரத்தச் சர்க்கரை அளவு
• கடந்த இரண்டு, மூன்று வாரச் சர்க்கரை நிலையைக் காட்டும் புரக்டோசமின் சோதனை
• ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் மின்பகுப்புச் சோதனை