பருத்த உடலும் சத்திரசிகிச்சையும்

உடல் பருத்தவர் எல்லாரும் இரைப்பைச் சத்திரசிகிச்சைக்கு உரியவரல்லர். திகனயிலிருந்து கண்டிக்கு வைத்தியரை நாடிச் செல்வோர் முதலில் அறியவேண்டியது இது.

கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி கிடைக்கும். 160 சென்ரிமீற்றர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு அது ஏறக்குறைய 35. அமெரிக்காவில் 1991இல் வகுத்த விதி 40ஐ எல்லையாக வைத்தது. நீரிழிவு போன்ற நோய் உடனிருந்தால் 35. ஆசிய உடலோ குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கு ஆளாகின்றது. ஆகவே 2022ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் ஆசியருக்கு 27.5 முதலே இச்சிகிச்சையை வழங்க முன்வரவேண்டும் என்கிறது. வழங்க முன்வரவேண்டும் என்பதுதான், செய்தே தீரவேண்டும் என்பதன்று.

வெட்டியெடுத்த இரைப்பையை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. பின்னர் சிறுகச் சிறுக உண்பதும், விற்றமின், இரும்பு, கல்சியம் முதலியவற்றை ஆயுள்முழுதும் உட்கொள்வதும் கடமையாகின்றன. புகைத்தலைக் கைவிடவேண்டும், பெண்கள் ஓராண்டுக்கு மேலாகக் கருத்தரித்தலைத் தள்ளிவைக்கவேண்டும். கலியாணப் பந்தியில், உறவினர் வற்புறுத்தலுக்கிடையே, நாலு கவளத்துடன் எழுந்திருக்க மனம் இசையுமா? தராசில் ஏறுமுன் இதனைக் கேட்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நீரிழிவால் நலிந்தவருக்கு இச்சிகிச்சை பெருந்துணை, "சோம்பேறிக்கு வைத்தியமா?" என்று எள்ளுவது அறியாமை. தேர்ந்த நிலையங்களில் மரணம் அரிது. ஆயினும் நம்மவரிற் சிலர் சிகிச்சைக்கு நாடும் சென்னையிலே, 2024 ஏப்ரலில், தனியார் மருத்துவமனையொன்றில் இதற்கெனச் சென்ற 26 வயது இளைஞர் உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணை நடத்தி, அம்மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. சத்திரசிகிச்சை நிபுணரோடு நீரிழிவு வைத்தியரும் உணவியலாளரும் உளவியலாளரும் நோயாளியைப் பார்ப்பார்களா, அதிதீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்று நாள் குறிக்குமுன் கேட்பதில் வெட்கம் எதற்கு?