வறண்ட கூந்தலும் அடுக்களை எண்ணெய்களும்

எண்ணெய் என்னுஞ் சொல்லைப் பிரித்து நோக்குவார்க்கு அஃது எள்ளினது நெய் என்பது எளிதிற் புலனாகும். நாளடைவில் அச்சொல் தன் பிறப்பை மறந்து நெய்ப்பொருள் பலவற்றிற்கும் பொதுவாயிற்று. தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய் என மக்கள் வழங்கத் தலைப்பட, எள்ளின் நெய் 'நல்லெண்ணெய்' என அடைபெற்றுத் தன் தனிமையைக் காத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்து அடுக்களைகளிலே தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் சமையலுக்கும் தலைக்கும் ஒருங்கே பயன்பட்டு வருவன. இவை வறண்ட மயிருக்கு ஈரமூட்டுவன என்பது பலர் கொள்கை. அக்கொள்கையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

எண்ணெயில் நீரில்லை. தன்பால் இல்லாத ஒன்றை அது மயிருக்கு வழங்குதல் யாங்ஙனம்? எனினும், எண்ணெய் பூசிய கூந்தல் மென்மையுறுதல் கண்கூடு. இம்முரண்பாட்டின் காரணத்தை மயிரின் அமைப்பிலே தேடல் வேண்டும்.

மயிர் கெரற்றின் என்னும் புரதத்தாலாயது. தோலுக்கு வெளியே வந்தபின் உயிரற்றது. நுணுக்குக்காட்டியினூடாக நோக்கின், ஓட்டுக்கூரையில் ஓடுகள் அடுக்கப்பட்டாற்போல, மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனிநோக்கி ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்திருத்தலைக் காணலாம். அவற்றின்மேல் இயற்கையான கொழுப்புப் படலமொன்றும் உண்டு. மயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் வளர்வது. ஆகவே, 60 சதமமீற்றர் நீண்ட கூந்தலின் நுனி ஐந்தாண்டு முதுமையுடையது. ஐந்தாண்டு வெயிலையும் சீப்பையும் தாங்கியது. தலைத்தோல் சுரக்கும் நெய்யோ அத்துணைத் தொலைவு சென்றெட்டுவதில்லை. கூந்தலின் அடி பளபளக்க நுனி வறண்டு பிளத்தல் இதனாலேயாம்.

இனி, வறண்ட மயிருக்குப் பெருந்தீங்கு செய்வனவற்றுள் நீரும் ஒன்று என்றால் வியப்பாகத் தோன்றும். நன்கு நனைந்த மயிர் தன் எடையில் மூன்றிலொரு பங்களவு நீரை உறிஞ்சும். அதன் குறுக்களவு நூற்றுக்குப் பதினைந்து அளவிற் பருக்கும். உலரும்போது மீண்டுஞ் சுருங்கும். பருத்தலுஞ் சுருங்கலும் பன்முறை நிகழச் செதில்கள் நிமிர்ந்து பெயர்கின்றன. உள்ளிருக்கும் புரதமும் சிறிது சிறிதாகக் கழிகின்றது. இவ்வழிவைத் தடுப்பதே எண்ணெயின் முதற்பணி. அது நீரைக் கொணர்வதன்று. நீரின் மிகையான வரவைத் தடுப்பது.

எல்லா எண்ணெயும் இதனை ஒப்பச் செய்வனவல்ல. 2003ஆம் ஆண்டிலே ரெலே, மொகிலே என்னும் மும்பை ஆய்வாளர் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தியெண்ணெய், கனிப்பொருளெண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டாராய்ந்து தம் முடிபை வெளியிட்டனர். கழுவுவதற்கு முன் பூசினும் பின் பூசினும், புரத இழப்பைக் குறிக்கத்தக்க அளவிற் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. (அவ்விருவரும் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனமொன்றைச் சார்ந்தவர் என்பதையும் மனத்திற் கொள்ளல் தகும்.) அவர் காட்டிய காரணம் பொருத்தமுடையதே. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களுள் ஏறத்தாழப் பாதி லோரிக்கமிலம். அதன் மூலக்கூற்றுச் சங்கிலி குறுகியது, நேரானது. ஆதலின் மயிரின் உள்ளே புகவல்லது. நல்லெண்ணெயிற் பெரும்பான்மையான கொழுப்பமிலங்கள் நீண்டு வளைந்த சங்கிலியுடையன. அத்துணை எளிதில் உட்புகா. எனினும் மேற்புறத்தே படிந்து, செதில்களைப் படியச்செய்து, சீப்பின் உராய்வைக் குறைக்கும் பணியை அது செவ்வனே செய்யும்.

இவ்வுண்மையை உணர்ந்தார்க்கு நம் முன்னோரின் எண்ணெய் முழுக்கு முறை வேறோர் ஒளியிலே தோன்றும். அவர் எண்ணெயை முன்னர் வைத்து ஊறவிட்டுப் பின்னரே முழுகினர். தலை கழுவியபின் எண்ணெயை வழிய வழியப் பூசிக்கொண்டு வீதிப்புழுதியில் நடப்பது அம்முறையன்று. வறண்ட கூந்தலுடையார், முழுகுவதற்குச் சில மணிநேரம் முன்னரோ முதனாளிரவிலோ, சிறிதளவு எண்ணெயை மயிரின் இடைப்பகுதியிலும் நுனியிலுமே தேய்த்தல் போதும்.

எண்ணெயைப் போக்கும் முறையிலும் கருத்து வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாங்கானது. கிணற்றுநீர் பெரும்பாலும் வன்னீர். அந்நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு கூடிக் கரையாத கசடாகி மயிரிற் படியும். கூந்தல் வைக்கோல்போலாக, பழியோ எண்ணெய்மேல் விழுகின்றது! சீயாக்காயிலும் இலுப்பைப் பிண்ணாக்கிலும் உள்ள நுரைப்பொருள் இத்தகைய கசடைத் தோற்றுவிப்பதில்லை. முழுக்கில் தேசிக்காய் சேர்த்தலும் பொருளற்ற வழக்கன்று. அதன் புளிப்பு அக்கசடைக் கரைக்கவல்லது. இக்காலத்து ஷாம்புகளும் வன்னீரிற் கசடு தோற்றுவிப்பதில்லை. ஆயின் வீரியம் மிக்கவை மயிரின் இயற்கை நெய்யையும் உடன் கவர்ந்துசெல்லும்.

எண்ணெய் மயிரை வளர்க்கும் என விளம்பரம் செய்வார் கூற்றை நம்பவேண்டுவதில்லை. வளர்ச்சி வேரின் தொழில், எண்ணெய் காப்பது உயிரற்ற தண்டினை. பொடுகுடையார் தலைத்தோலில் எண்ணெய் தேய்த்தலைத் தவிர்த்தல் நன்று. பொடுகோடு தொடர்புடைய நுண்பங்கசு கொழுப்பை உண்டு பெருகுவதாகலின், மருந்தென எண்ணியது அதற்கு விருந்தாய் முடியும். பொரித்தெடுத்து எஞ்சிய எண்ணெயைத் தலைக்கு வைத்தலும் ஆகாது.

மார்கழிக் குளிரிலே, வெப்பநிலை 24 பாகைக்குக் கீழே இறங்குங்கால், போத்தலிலுள்ள தேங்காயெண்ணெய் உறைந்துபோதல் உண்டு. அது பழுதுற்றதென எறிந்துவிடுவாரும் உளர். போத்தலைச் சிறிதுபோது இளவெயிலிலோ வெந்நீரிலோ வைப்பின் எண்ணெய் இளகும். அடுப்பேற்றிக் கொதிக்கவைக்க வேண்டுவதில்லை.