வண்டல் வராத புதுவெள்ளம்

மேட்டூர் அணை திறந்தாகிவிட்டது என்பதைத் திருச்சி அரியமங்கலத்துக்காரர்கள் செய்தித்தாள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உய்யக்கொண்டான் வாய்க்காலை எட்டிப் பார்த்தால் போதும். கோடையில் சாக்கடை தேங்கிக் கறுத்துக் கிடந்த வாய்க்கால், ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு நகரத் தொடங்கியிருக்கும். பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகரின் ஊடாக வந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகும் சோழர் காலத்து வாய்க்கால் அது. அதன் ஓட்டத்தை இன்று தீர்மானிப்பது ஆற்றுவழியே நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் ஓர் அணையின் மதகு.

அணை கட்டினால் ஆற்றுக்கு என்ன ஆகிறது? காவிரியை வைத்தே பார்ப்போம்.

ஒரே பெயர், இரண்டு வேலை

கல்லணை, முக்கொம்பு மேலணை, மேட்டூர் அணை என்று மூன்றையும் 'அணை' என்றே சொல்கிறோம். மூன்றும் ஒன்றல்ல. கல்லணையும் மேலணையும் தண்ணீரைச் சேர்த்து வைப்பதில்லை, பிரித்துத் திருப்பிவிடுகின்றன. வெள்ளம் வந்தால் நீரும் மண்ணும் அவற்றைத் தாண்டிக் கீழே போய்விடும். மேட்டூர் தேக்கும் அணை. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, அப்போதைய கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதற்கும் மேலே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று அடுத்தடுத்துத் தேக்கங்கள்.

திருப்பிவிடும் அணைகூட ஆற்றைச் சும்மா விடாது. 1830களில் காவிரியின் கிளையான கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் இழுக்கப்பட்டது. காவிரி தூர்ந்துகொண்டே வந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். கட்டி முடித்ததும் கதை தலைகீழானது. காவிரிக்குள் நீர் மிகுந்து அதன் படுகை அரிபட, அதை அடக்கக் காவிரித் தலைப்பிலும் கட்டுமானம் எழுப்ப வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் ஆற்றைத் தொட்டால் அது இன்னோரிடத்தில் பதில் சொல்லும்.

மண் எங்கே போனது?

ஓடும் ஆறு தண்ணீரோடு மண்ணையும் சுமந்து வருகிறது. தேக்கத்துக்குள் நுழைந்ததும் ஓட்டம் தளர்கிறது. கனத்த மணல் முதலில் படிகிறது, பிறகு வண்டல். மெல்லிய களிமண்ணில் ஒரு பகுதி மட்டுமே வழிந்து கீழே வருகிறது. தஞ்சைச் சமவெளியே இப்படி வந்து படிந்த வண்டலால் உருவான நிலம்தான். அந்த வரத்து இப்போது தேக்கங்களின் அடியில் நின்றுவிடுகிறது.

சுமையை இறக்கிவிட்டு வரும் தண்ணீருக்கு அரிக்கும் பலம் கூடுதல். மேலிருந்து மணல் வராததால் கீழே அரிபட்ட பள்ளம் நிரம்புவதில்லை. இதன் மேல் மணல் அள்ளுவதும் சேர்ந்துகொண்டால் படுகை கீழே இறங்கிக்கொண்டே போகும். திருச்சிக்கு இது வெறும் ஆற்றங்கரைக் கவலை அல்ல. நகரின் குடிநீர் காவிரி, கொள்ளிடப் படுகைகளில் போட்ட கிணறுகளிலிருந்து வருகிறது. மணல்தான் அங்கே நீரைப் பிடித்து வைக்கும் தொட்டி. வறண்ட ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணல் குறைந்தால் தொட்டியும் சுருங்கும். படுகை தாழ்ந்தால் கரையிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் தலைமதகுக்கு நீர் ஏறாது, பாலத் தூண்களின் அடியும் வெளியே தெரியும்.

2017 மே மாதம், 83 ஆண்டுகளில் முதல் முறையாக மேட்டூரில் தூர் வாரும் பணி தொடங்கியது. வண்டலை விவசாயிகள் வயலுக்கு எடுத்துப்போனார்கள். ஆறு கூலி கேட்காமல் கொண்டுவந்து போட்டதை இப்போது வண்டி வைத்து அள்ள வேண்டியிருக்கிறது.

ஆடிப்பெருக்கும் அரசாணையும்

குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்து, அந்தச் செந்நீர் வந்து சேரும் பருவத்தைக் கொண்டாடியதுதான் ஆடிப்பதினெட்டு. இப்போது பல ஆண்டுகளில் அம்மாமண்டபப் படித்துறைக்குப் பெருக்கு வருவது மேட்டூரிலிருந்து அதற்கெனத் திறந்துவிடுவதால்தான். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது பாசனத்துக்கான வழக்கம். ஆற்றின் காலண்டர் வேறு. கோடையிலும் மெலிதாக ஓடுவதும், மழையில் ஏறுவதும், கரை மீறிப் பரவுவதும் அதன் இயல்பு. ஓட்டம் நின்ற மாதங்களில் ஊரின் கழிவை நீர்த்துப்போகச் செய்யத் தண்ணீர் இல்லை. அரியமங்கலத்தில் கறுத்துக் கிடக்கும் வாய்க்காலில் சாக்கடைக்கு உள்ள பங்கு பெரியது. ஓட்டம் இல்லாததற்கும் பங்குண்டு.

தேங்கிய நீருக்கும் தனி நோய்கள் உண்டு. மேலே இருந்து உரமும் கழிவும் வந்து சேர, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரங்கள் சில ஆண்டுகளில் பாசி படர்ந்து பச்சையாகி நாறுகின்றன. மூழ்கிய செடிகொடிகள் காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வாயு கிளம்புகிறது.

மீனுக்கு அடைத்த கதவு

வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடும் உல்லம் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிரேறும். ஒரு காலத்தில் கொள்ளிடத்திலும் காவிரியிலும் ஏறியது. குறுக்கே அணைகள் வந்து, வெள்ளமும் குறைந்ததும் அந்த மீன்பிடிப்பு ஒடுங்கிவிட்டது. தேக்கத்தில் மீன் இல்லாமல் இல்லை. கட்லாவும் ஜிலேபி கெண்டையும் நிறையக் கிடைக்கின்றன. அவை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை, தேங்கிய நீரில் செழிப்பவை. ஓட்டத்தை நம்பிய காவிரியின் மாசீர் மீன் அழிவின் விளிம்பில் இருக்கிறது.

கடலுக்குப் போவது வீணா?

'பல டி.எம்.சி. வீணாகக் கடலில் கலந்தது' என்பது வெள்ளக் காலத்துத் தலைப்புச் செய்தி. ஆனால் ஆற்றுநீர் கடல்முகத்துக்கு வராவிட்டால் உப்பு உள்ளே ஏறுகிறது. நாகப்பட்டினம் பக்கம் நிலத்தடி நீர் உவர்க்கிறது. பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளுக்கு நன்னீர் குறைகிறது. மண் வராத கரையை அலை தின்கிறது. எகிப்தில் அஸ்வான் உயர் அணை நைலின் வண்டலைத் தடுத்ததும் அதன் கழிமுகக் கரை அரிபட்டது. வெள்ளம் நின்றதும் அங்கே மத்தி மீன் பிடிப்பு சரிந்தது.

இதையெல்லாம் சொல்வது அணையே கூடாது என்பதற்காக அல்ல. 1924 வெள்ளத்தின் அழிவைக் கண்டவர்களுக்கு மேட்டூர் ஒரு காவல். குறுவை நெல்லுக்கு அதுதான் நம்பிக்கை. ஆனால் கணக்கு எழுதும்போது ஆற்றுக்கும் ஒரு வரி வேண்டும். காவிரி நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பு மொத்தம் 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கு 10, கடலில் தவிர்க்க முடியாமல் சேர்வதற்கு 4 என்று எழுதியது. அது தொடக்கம். கோடையிலும் ஓர் இழை ஓட்டம், தேங்கிய வண்டலை வயலுக்குத் திருப்புவது, மணல் அள்ளுவதில் கண்டிப்பு, வாய்க்காலில் சாக்கடையை நிறுத்துவது ஆகியவை அடுத்த வரிகள். முதல் மூன்றும் அரசின் கையில் இருக்கின்றன. கடைசி ஒன்றில் நம் வீட்டுக் கழிவுக் குழாயும் சேரும். அதற்கு மேட்டூர் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.