உயில் எழுதாத அப்பா: மறுமணம் நடந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு?

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமா என்னைத் திண்ணைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னார்: "கவலைப்படாதே பாப்பா. மூத்த தாரத்துப் பிள்ளைங்களுக்குத்தான் எல்லாம். ரெண்டாவதா வந்தவளுக்கு ஒண்ணும் கிடையாது." அதே நேரத்தில் அடுக்களையில் பக்கத்து வீட்டு அக்கா சித்தியிடம், "பொண்டாட்டி நீ இருக்கறப்ப பிள்ளைங்க எப்படிக் கேட்க முடியும்? எல்லாம் உனக்குத்தான்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ரெண்டு பேரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ரெண்டு பேர் சொன்னதும் தப்பு. ஆனால் அந்த ரெண்டு தப்பையும் நம்பிக்கொண்டு நாங்கள் ஒரே வீட்டுக்குள் ஒரு மாதம் முகம் பார்க்காமல் இருந்தோம்.

நான் வக்கீல் இல்லை. எதையும் மூலத்தில் போய்ப் படித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு சில ராத்திரி உட்கார்ந்தேன். சின்னச் சட்டம்தான். அப்போது எடுத்த குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது அந்த ஒரு மாதம் மிச்சமாகட்டும்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். அம்மா பள்ளி ஆசிரியை. தன் சம்பளத்தில் கடன் வாங்கிக் கட்டிய வீடு, அம்மா பேரில். நானும் தம்பியும் பிள்ளைகள். அம்மா இறந்து மூன்று வருஷம் கழித்து அப்பா சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்களுக்கு ஒரு பெண். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அப்பா பேரில் ஊருக்கு வெளியே ஒரு மனை, வங்கியில் கொஞ்சம் வைப்புத்தொகை. அம்மாவும் உயில் எழுதவில்லை, அப்பாவும் எழுதவில்லை.

அப்பாவின் சொத்து

ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியம் முதலில் யாருக்குப் போகும் என்பதைச் சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது. அதன் அட்டவணையில் முதல் வகுப்பு வாரிசுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். மகனோ மகளோ முன்பே இறந்திருந்தால் அவர்கள் பிள்ளைகளும் அந்த இடத்தில் வருவார்கள். இந்த வகுப்பில் ஒருவர் இருந்தாலும் போதும், அடுத்த வகுப்புக்குப் போகாது. அப்பாவின் அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் வேலையே இல்லை.

10-வது பிரிவு பங்கைச் சொல்கிறது. மனைவிக்கு ஒரு பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு, தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. எல்லாம் சமம். எந்தத் தாரத்துப் பிள்ளை என்ற கேள்வியே சட்டத்தில் இல்லை. அப்பாவுக்குப் பிறந்த பிள்ளையா, அவ்வளவுதான். வயது வந்தவரா, கல்யாணம் ஆனவரா, வெளிநாட்டில் இருக்கிறாரா, கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டாரா என்பதும் கணக்கில் வராது. "உன்னைக் கட்டிக் கொடுத்து சீர் செஞ்சாச்சே" என்று என்னிடமும் ஒரு பெரியப்பா கேட்டார். சீர் வேறு, பங்கு வேறு. தகப்பனின் தனிச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956-லேயே வந்துவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டமும், அதற்கு முன் 1989-ல் தமிழ்நாட்டுத் திருத்தமும் கொடுத்தது பூர்வீகச் சொத்தில் மகளுக்கான பிறப்புரிமை. இந்த ரெண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

எங்கள் அப்பாயி முன்பே காலமாகிவிட்டார். ஆகவே மனையும் வங்கிப் பணமும் நான்கு பங்கு. சித்தி, நான், தம்பி, தங்கை, ஆளுக்குக் கால். மாமா சொன்னது இங்கே அடிபட்டுப்போனது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும்தான்.

அம்மாவின் வீடு

நான் தடுமாறியது இங்கேதான். "அப்பா மனையில வேணா சித்திக்குப் பங்கு இருக்கட்டும், அம்மா வீட்டில் எப்படி வரும்?" என்று தம்பி மஸ்கட்டிலிருந்து போனில் கத்தினான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மாவின் வீடு எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும்தான் என்று.

பெண் உயில் இல்லாமல் இறந்தால் 15-வது பிரிவு. அவருடைய மகன்கள், மகள்கள், கணவர் எல்லோரும் முதல் வரிசையில் ஒன்றாக வருகிறார்கள், சம பங்கு. அதாவது அம்மா இறந்த அன்றே வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அப்பாவுக்குச் சொந்தமாகிவிட்டது. பத்திரம் மாற்றாவிட்டாலும், பட்டா மாற்றாவிட்டாலும், அது ஆகிவிட்டது. அன்றிலிருந்து அது அப்பாவின் சொத்து. பிறகு அப்பா இறந்தபோது அந்த மூன்றில் ஒன்றும் அவருடைய வாரிசுகள் நான்கு பேருக்கும் பிரிகிறது.

வீட்டை 12 பங்காக வைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். அம்மா இறந்ததும் அப்பாவுக்கு 4, எனக்கு 4, தம்பிக்கு 4. அப்பா இறந்ததும் அவருடைய 4 ஆளுக்கு ஒன்றாகப் போகிறது. முடிவில் எனக்கு 5, தம்பிக்கு 5, சித்திக்கு 1, தங்கைக்கு 1. அம்மாவை ஒருநாள்கூடப் பார்த்திராத சித்திக்கு, அம்மா கட்டிய வீட்டில் 12-ல் ஒரு பங்கு. முதலில் படித்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது என்பதை மறைக்கவில்லை.

சித்திக்கு அம்மா நேரடியாக எதுவும் கொடுக்கவில்லை, அப்பா வழியாகத்தான் வந்தது. இந்த மாதிரி வீடுகளில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "யார் முதலில் இறந்தார்?" என்பதுதான். அப்பா முதலில் போய் அம்மா பிறகு போயிருந்தால் கணக்கே வேறு.

மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன்

இப்போது திருப்பிப் பார்ப்போம். சித்தியின் பங்கு அவருக்குப் பிறகு யாருக்கு? 14-வது பிரிவின்படி அது அவருடைய முழுச் சொத்து. விற்கலாம், உயில் எழுதலாம். உயில் இல்லாமல் இறந்தால் அவர் வயிற்றில் பிறந்த தங்கைக்குப் போகும். எனக்கும் தம்பிக்கும் வராது. 15-வது பிரிவில் "மகன்" என்பது மூத்த தாரத்து மகனைக் குறிக்காது என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் லச்மன் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் சித்திக்குப் பிள்ளையே இல்லாமல் இருந்திருந்தால்? அப்போது கணவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து கணவரின் வாரிசுகளுக்குத் திரும்பும். அந்த வாரிசுகள் நாங்கள்தான். பிள்ளையில்லாத சித்திகளை "எல்லாத்தையும் தன் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோயிடுவா" என்று பயந்து துரத்தும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் விற்காமலும் உயில் எழுதாமலும் போனால் சட்டம் அதைத் தம்பி வீட்டுக்கு விடுவதில்லை.

அம்மா மறுமணம் செய்துகொண்ட குடும்பத்திலும் இதே தர்க்கம்தான். மாற்றாந்தகப்பன் உயில் இல்லாமல் இறந்தால், முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அவரிடமிருந்து நேரடியாக எதுவும் வராது. எத்தனை வருஷம் "அப்பா" என்று கூப்பிட்டிருந்தாலும் சரி, முறைப்படி தத்து எடுத்திருந்தால் மட்டுமே உண்டு. ஆனால் மனைவி என்ற முறையில் அம்மாவுக்குப் பங்கு வரும். அம்மாவுக்குப் பிறகு அது அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும், முதல் கல்யாணம் இரண்டாம் கல்யாணம் என்ற பேதம் இல்லாமல். அம்மா முந்திவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இன்னொரு நிலை, நம் ஊரில் அபூர்வமில்லாதது. முதல் மனைவி உயிரோடு இருக்க, விவாகரத்து வாங்காமல் இரண்டாவது கல்யாணம். அந்தக் கல்யாணம் செல்லாது. ஆகவே அந்தப் பெண்மணி சட்டப்படி விதவை ஆகமாட்டார், பங்கும் இல்லை. ஆனால் அவர் பிள்ளைகளுக்கு உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தின் 16-வது பிரிவு அவர்களைச் சட்டபூர்வப் பிள்ளைகளாகவே வைத்திருக்கிறது. பெற்றோரின் சொத்தில் மட்டும்தான் உரிமை என்று வரம்பு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு எவ்வளவு வந்திருக்குமோ அந்தப் பங்கிலும் இவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

மேலே சொன்னதெல்லாம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு. கணக்குத்தான் மாறுகிறது. எந்தத் தாரத்துப் பிள்ளை என்ற பேதம் அங்கேயும் இல்லை.

காகிதங்கள் சொல்வதும் சொல்லாததும்

வங்கியில் நாமினி சித்தி. பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். வங்கி செய்தது சரி. ஆனால் வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் அல்ல, வாரிசுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-க்குப் பிறகு மாறிவிட்டது. மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோரை நாமினியாகப் போட்டிருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம். குடும்ப ஓய்வூதியம் சொத்துக் கணக்கிலேயே சேராது. விதிப்படி தகுதி உள்ளவருக்குத்தான், எங்கள் வீட்டில் சித்திக்கு.

தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் மூத்த தாரத்துப் பிள்ளைகள் பேர் விட்டுப்போவதும், இரண்டாம் மனைவி பேர் விட்டுப்போவதும் சகஜம். தெரிந்தால் உடனே எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்துவிட வேண்டும். ஆனால் பேர் விட்டுப்போனதாலேயே உரிமை போய்விடாது. சான்றிதழும் சரி, பட்டாவும் சரி, உரிமையை உண்டாக்குவதில்லை. அதேபோல் ஒரு வாரிசு மட்டும் வீட்டில் குடியிருப்பதால் மற்றவர் பங்கு அழிந்துவிடாது. ஆனால் "உனக்கு இங்கே ஒன்றும் இல்லை" என்று வெளிப்படையாக மறுத்துவிட்டால் அன்றிலிருந்து காலக்கெடு ஓட ஆரம்பிக்கும். அதற்கப்புறமும் சும்மா இருக்கக் கூடாது.

கணக்குக்குப் பிறகு

கணக்கைப் போட்டு முடித்ததும் எனக்கு இன்னொன்று உறைத்தது. வீட்டில் எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து 12-ல் 10. தம்பி பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், பிரிக்க முடியாத வீடு என்று சொல்லி விற்றுப் பணமாகப் பிரித்துக் கொடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சித்தியும் தங்கையும் தங்கள் 2 பங்குப் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். அப்பாவைக் கடைசி ரெண்டு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தது அவர்தான். அதற்குச் சட்டத்தில் பங்கு எதுவும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை வீடியோவில் வைத்துக்கொண்டு, சித்தி முன்னால் அந்த 12 கட்டத்தை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். சித்தி ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். "எனக்கு இந்த வீட்ல ஒண்ணுமே இல்லேன்னு நெனைச்சுதான் ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேன். ஒண்ணு இருக்கே" என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை. ரெண்டு நாள் கழித்து எனக்குக் கூப்பிட்டு, "அவங்க படிப்பு முடியற வரைக்கும் வீட்டைத் தொட வேணாம்க்கா" என்றான்.

கடைசியில் மனையில் எங்கள் பாதியைச் சித்திக்கும் தங்கைக்கும் விட்டுக்கொடுத்தோம். வீட்டில் அவர்கள் 2 பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். தங்கை படிப்பு முடிந்து ஒரு வேலையில் உட்காரும்வரை அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள் என்று பத்திரத்திலேயே எழுதிப் பதிவு செய்துவிட்டோம். வங்கிப் பணத்தை யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கடனுக்கே அது சரியாகப் போயிற்று.

அப்பா ஒரு தாள் எழுதி வைத்திருந்தால் இதெல்லாம் வேண்டியிருந்திருக்காது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவுகூடக் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. தெளிவான மனநிலையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சிகள் ரெண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சாட்சிகள் அதில் எதுவும் பெறாதவர்களாக இருப்பது நல்லது.

மறுமணம் செய்துகொண்ட பெற்றோர் யாராவது இதைப் படித்தால், இந்த வாரமே எழுதிவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் நல்லவர்கள்தான், உங்கள் துணையும் நல்லவர்தான். ஆனால் பதினாறாம் நாள் பந்தல் பிரிக்கும்போது ஆளாளுக்குக் காதில் சொல்ல மாமாக்களும் பக்கத்து வீட்டு அக்காக்களும் இருப்பார்கள்.